பதினொன்றாவது பங்கு

ஆந்தியோகோ கிழவர் துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்கப் போன இடத்தில், கண் மருத்துவர் "செவத்துல இருக்கிற எழுத்தப் படிங்க" என்றார். "எந்தச் செவரு?" என்று கேட்டார் கிழவர். அத்தோடு அவருடைய அறுபது வருட வேட்டை முடிந்தது.

இடிந்துபோனது அவரல்ல, மகள் பொனாரியாதான். முப்பது வருடமாகத் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களை எல்லாம் வாயடைத்து அனுப்பியவள். தம்பிகள் இரண்டு பேரும் காலியாரி நகரத்தில். கூப்பிட்டால் "வேல இருக்குக்கா, பிள்ளைக்குப் பரீட்சக்கா" என்று நழுவுவார்கள். "காட்டுப் பன்னி வந்திருக்குடா" என்றால் போதும், குடும்பத்தோடு வந்து இறங்கிவிடுவார்கள். கடைப் பன்றியைச் சமைத்து ஒருமுறை ஏமாற்றிப் பார்த்தாள். முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், பாவிகள்!

வேட்டைக் கூட்டத்தில் துப்பாக்கியோடு நின்றவருக்குத்தான் பங்கு. சுட்டாரா, தூங்கினாரா என்பது கணக்கில்லை. ஆனால் துப்பாக்கி இல்லாத வீட்டுக்கு ஒரு எலும்புகூட வராது. பங்கு வராவிட்டால் தம்பிகளும் வரமாட்டார்கள்.

"துப்பாக்கிய நான் எடுக்கறேன்ப்பா."

"எலியப் பாத்தாலே நாற்காலி மேல ஏறுவியேம்மா!"

"காட்டுல நாற்காலி கெடையாதுல்ல? கீழதான் நிக்கணும்."

பரீட்சை எழுதி உரிமமும் வாங்கிவிட்டாள். கூட்டத்தின் தலைவர் லுசோரியோவுக்கு அது தொண்டையில் முள்ளாக நின்றது. இரும்புக் கடைக்காரர், மீசைக்காரர். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கொண்டுபோய்த் தார்ச்சாலை ஓரத்தில் நிறுத்தினார். "இந்தப் பக்கம் பன்னி வந்தா பஸ்ல ஏறித்தான் வரணும்" என்று யாரோ சொல்ல, எல்லாரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அவள் பாட்டுக்கு ரொட்டியும் பாலாடைக் கட்டியும் தின்றுகொண்டு மத்தியானம் வரை நின்றாள்.

மேலே ஓக் காட்டில் ஒரு பெரிய ஆண் பன்றி விழுந்தது. ஆட்டுப்பட்டியில் வைத்து அறுத்தார்கள். குவியல்களை லுசோரியோவே பெரணி இலைமேல் வைத்தார். கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். "இது யாருக்கு?" என்று ஒவ்வொரு குவியலுக்கும் தலைவர் கேட்பார், நிற்பவர் ஒரு பெயர் சொல்வார். சொன்ன பெயர் சொன்னதுதான், ஆண்டவரே வந்தாலும் மாறாது.

பொனாரியா சுவரைப் பார்த்து நின்றாள். முத்திரைச் சத்தத்தை வைத்தே கடிதங்களை எண்ணிப் பழகிய காது அவளுடையது. பொத், பொத் என்று ஒவ்வொரு குவியலாக இறைச்சி விழ விழ எண்ணினாள். பத்தோடு நின்றுவிட்டது. துப்பாக்கிகளோ பதினொன்று. பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவதும் கேட்டது. அடப்பாவி மனுஷா!

கத்தலாமா என்று நினைத்தாள். கத்தினால் "அட, எண்ணிக்க தப்பிருச்சும்மா" என்று ஆளுக்கொரு துண்டு கிள்ளிச் சவ்வும் கொழுப்புமாகத் தருவார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

"இது யாருக்கு?"

ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். ஒன்பது ஆயிற்று.

"இது யாருக்கு?" லுசோரியோவின் குரல் குழைந்தது. பாக்கி இருப்பது தலைவர் பெயர்தானே, தலைவரை விட்டுவிட்டுத் தன் பெயரைச் சொல்ல எவளுக்குத் துணிச்சல் வரும் என்ற தைரியம்.

"ஆந்தியோகோ மக பொனாரியாவுக்கு."

"ஏய்! அப்ப எனக்கு?"

"உங்களத எங்க வெச்சீங்களோ அங்கதான்ணே இருக்கும். முதுகக் காட்டிட்டு நிக்கிறவளுக்கு என்ன தெரியும்?"

பட்டியே சிரிப்பில் அதிர்ந்தது. மறுபடி பங்கு போடச் சொன்னால், ஒன்று குறைத்து வைத்ததைத் தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். "நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றார் லுசோரியோ. நாய்கள் எல்லாம் கட்டிப்போட்டுக் கிடந்தன.

செவ்வாய்க்கிழமை அவர் தபால் நிலையத்துக்கு வந்து தேவையில்லாமல் ஒரு தபால்தலை வாங்கினார். குத்திக்காட்ட நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தாள் பொனாரியா.

"எம்மக நினெத்தா சனிக்கிழம வர்றேன்னு சொல்லியிருந்தா" என்றார், தபால்தலையைப் பார்த்துக்கொண்டே. "பன்னி இல்லம்மான்னேன். அப்போ கிறிஸ்மஸுக்குப் பாக்கலாம்ப்பான்னு வெச்சுட்டா."

நாலு வார்த்தையும் அவள் நாக்கிலேயே கரைந்துவிட்டன. தன் வீட்டு நோய்தான் அவர் வீட்டிலும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"பன்னி இருக்குன்னு போன் போடுங்கண்ணே. எங்க வீட்ல இருக்கு, எல்லாரும் வாங்க."

சனிக்கிழமை மேஜையைச் சுற்றிப் பதினேழு பேர். ஒயினில் ஒரு நாள் ஊறி, ஜூனிபர் என்ற வாசனைக் காயோடு வெந்த பன்றி. தம்பிகள் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. லுசோரியோ மூன்றாவது தட்டில் இருந்தார்.

"நாளைக்குப் பதினொண்ணு வெச்சிடறேன், போதுமா தாயே?"

"அடுத்த வருஷம் பன்னெண்டு வெக்கணும்ப்பா" என்றாள் நினெத்தா. "உரிமம் எப்படி வாங்கறதுன்னு அக்காகிட்ட எல்லாம் கேட்டுட்டேன்."

"உனக்கெதுக்குடி துப்பாக்கி?"

"வாராவாரம் உங்களப் பாக்க வர ஒரு காரணம் வேண்டாமா? சும்மா வந்தா ரெண்டு பேரும் டிவியத்தான பாத்துட்டு உக்காந்திருப்போம்."

லுசோரியோ காலித் தட்டை நீட்டினார். பொனாரியா இன்னும் ஒரு கரண்டி போட்டாள்.