குற்றவியல் அலமாரியில் சாமை

காலையில் விளக்கைப் போட்டதும் இளவரசி நேரே போவது குற்றவியல் அலமாரிக்குத்தான். பச்சை அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றை உருவி, முந்தானையால் தூசி தட்டி, வேளாண்மை அலமாரியில் செருகுகிறார். சாயங்காலம் நூலகர் கோபால்சாமி அதைத் தேடிப் பிடித்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். செங்கத்தில் இருக்கும் இந்தக் கல்லூரிக்கு இளவரசி உதவி நூலகராக வந்ததிலிருந்து இதே கதைதான்.

புத்தகம் ஜவ்வாது மலைக்காரர்களைப் பற்றிய ஆராய்ச்சி. இளவரசியும் மலைக்காரர். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். எதிரே இருப்பவர் முகம் மங்கினால்தான் திட்ட வருமாம். புத்தகம் எடுக்கப் போன என்னிடம் இதைச் சொல்லும்போதே கழற்றிவிட்டார்.

"புக்கு பூரா சாமை, புளி, கல்யாணம்னு போவுது சார். ஒரே ஒரு பாடம், ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டக் கூலிக்குப் போயி ஜெயில்ல கெடந்தவங்களப் பத்தி. அதப் பாத்துட்டு கடத்தல் அலமாரி நம்பர் போட்டுகிறாங்க. செங்கத்துல ஒருத்தன் திருடுனா ஊருக்கே திருட்டு நம்பர் போடுவாங்களா?"

கோபால்சாமியைக் கேட்டேன். "பல்கலைக்கழகத்துல போட்ட நம்பர்ங்க. நான் இன்னா பண்றது?" என்றார், டீயை ஆற்றியபடி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண் போட்ட புண்ணியவான் மலையேறியிருக்க மாட்டார். புத்தகத்தையும் முழுசாகப் புரட்டியிருக்க மாட்டார். ஆனால் கணினியில் மலையின் பெயரைத் தட்டுகிற எவருக்கும் முதலில் வந்து நிற்பது 'கடத்தல்'.

அன்று கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக்குழு வருகிறது என்பதால் கோபால்சாமி மதியமே புத்தகத்தைப் பழைய அலமாரிக்கு மாற்றிவிட்டார். இளவரசிக்கு அது தெரியாது. மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பாஞ்சாலி அவரிடம் வந்தாள்.

"மேடம், எங்க மலையப் பத்தி புக்கு இருக்குதுங்களா?"

இளவரசி வேளாண்மைப் பக்கம் கைகாட்டினார். "அங்க இல்லம்மா, கடைசி அலமாரி" என்று கோபால்சாமி குரல் கொடுத்தார். பாஞ்சாலி போனாள். மேலே தொங்கிய 'குற்றம், கடத்தல்' பலகையை அண்ணாந்து பார்த்தாள். புத்தகத்தைத் தொடாமலே திரும்பி வந்தாள்.

"வேணாங்க மேடம். எங்கப்பாவும் மரம் வெட்டத்தான் போனாரு."

இளவரசி இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை. எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்தார். முதுகில் ஒட்டியிருந்த எண் சீட்டை நகத்தால் கிழியாமல் உரித்தார். புத்தகத்தைப் பாஞ்சாலி கையில் கொடுத்தார். சீட்டைத் தன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில், தன் படத்தின்மேல் அழுத்தி ஒட்டிக்கொண்டு, ஆய்வுக்குழுவை வரவேற்க வாசலுக்குப் போனார்.