சிரட்டைக்கு அடியில் களிமண்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன், சாலை என்ற கடைத்தெருவில் வெங்காயக் கடை போட்டு உள்ளி நிறுத்து விற்றே. எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

கடையை விட்டபின் கழக்கூட்டத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் சாயா கொடுக்கும் வேலைக்குப் போகிறேன். பள்ளிக்கூட வாத்தியார்களும் டீச்சர்களும் அங்கே வந்து, அறிவியலைக் கையால் செய்து பழகிப் போவார்கள்.

அன்று தராசு செய்தார்கள். மர ஸ்கேலின் நடுவில் துளை, இரண்டு நுனியிலும் தேங்காய்ச் சிரட்டை. சொல்லிக்கொடுத்தவர் கோட்டைப் பக்கத்திலிருந்து வரும், தமிழ் பேசும் இளம்பிள்ளை. அவர் செய்த தராசு சாய்ந்தது. மேலே போன சிரட்டைக்கு அடியில் களிமண் ஒட்டினார். நேராக நின்றது.

"இப்போ கரெக்ட். ஸ்கூல்லயும் இப்படியே செய்யுங்கோ."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அது கள்ளத் தராசாக்கும்."

ஒரு டீச்சர் சிரித்தாள். "அம்மச்சிக்குச் சாயாவுலதான் சயன்ஸ், கேட்டோ."

"தட்டுக்கு அடியில புளி ஒட்டி நேராக்குன எத்தன பேர சாலைக் கடைத்தெருவுல பிடிச்சிருக்கேன்! வெறுந்தட்டு நேர நிக்கத்தான் செய்யும். சாமானத்த மாத்திப் போட்டுப் பாரும்."

அவர் ஒரு சிரட்டையில் எலுமிச்சையும் மறு சிரட்டையில் கூழாங்கற்களும் போட்டுச் சரியாக்கினார். பிறகு இடம் மாற்றிப் போட்டார். ஒரு பக்கம் தொப்பென்று இறங்கியது. துளையை அளந்தார், நடுவிலிருந்து தள்ளியிருந்தது.

"பாட்டி சொன்னதுதான் சரி. எல்லாரும் மாத்திப் போடுங்கோ" என்றார். இன்னும் மூன்று தராசுகள் மாட்டின. சிரித்த டீச்சருடையதும்தான்.

பிறகு வாத்தியார்களுக்கென்று வந்த கைப்புத்தகத்தில் அந்தச் சோதனை இருக்கிறது. 'ஓர் ஆசிரியை கண்டறிந்தார்' என்று அச்சடித்திருக்கிறார்கள்; பேத்திதான் வாசித்துச் சொன்னாள். அங்குள்ள ஆபீசில் போய்க் கேட்டேன்.

"சாயாக்காரி சொன்னான்னு போட்டா யாரு நம்புவா?" என்றார் அங்கிருந்தவர்.

"நம்பாண்டாம். மாத்திப் போட்டுப் பாக்கட்டும். ஆனா சொன்னது நான்."

அடுத்த வகுப்பு தொடங்குமுன் பேத்தி எழுதும் இதை எல்லோர் முன்னாலும் வாசிக்க அனுமதி கேட்டிருக்கிறேன். அந்தத் தமிழ்ப் பிள்ளை சரி என்றிருக்கிறார். சாயா அதற்குப் பிறகுதான்.

எங்க, இதுவர எழுதுனத எனக்கு வாசி மக்களே. 'சாயாக்காரி'ன்னு நான் சொன்ன இடத்துல நீ மரியாதைக்கு வேற ஏதாவது எழுதியிருந்தா, அடிச்சிட்டு அதையே எழுது.