உட்கரு இல்லாத பாசி

என் அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ரோஸ்கோப் மேல் குனிந்து குனிந்தே கழுத்து வலியை வாங்கிக்கொண்டவள். எந்த நுண்ணுயிரைப் பற்றிப் பேசினாலும், “உள்ள உட்கரு இருக்கா, இல்லையா? முதல்ல அதைச் சொல்லு” என்பாள். விருந்தாளிகளையும் இதைக் கேட்டுத்தான் அக்கா உள்ளே விடுவாள் என்று என் மனைவி கிண்டல் செய்வாள்.

இந்தக் கோடையில் எங்களுக்குத் தண்ணீர் தரும் ஏரியில் பச்சை படர்ந்தது. அக்கா பார்த்தாள். ஒற்றைச் செல், உட்கரு இல்லை. பெயர்தான் நீலப்பச்சைப் பாசி. செல்லைப் பார்த்தால் பாக்டீரியா. அதிலும் விஷம் சுரக்கும் வகை.

பாசி என்றால் ஏரிப் பிரிவு அள்ள வேண்டும். பாக்டீரியா என்றால் சுத்திகரிப்புப் பிரிவின் பொறுப்பு.

“பச்சையாத்தானே இருக்கு? அப்ப பாசிதான்” என்றார் சுத்திகரிப்பு அதிகாரி.

“உங்க பிரிவுப் பரிசோதனைக் கூடத்து ஆளே பாக்டீரியான்னு சொல்லிட்டாங்களே” என்றார் ஏரி அதிகாரி.

படித்தவர்கள்தான் இருவரும்! பந்தாடியே வாரங்களைக் கடத்தினார்கள். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மேலிடம் அதட்டியதும் சுத்திகரிப்பு அதிகாரி, “பாக்டீரியான்னா குளோரினைக் கூட்டிட்டாப் போச்சு” என்றார். அக்கா கத்திப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? செல்கள் உடைந்தன. அவற்றுக்குள் அடைந்து கிடந்த விஷமெல்லாம் தண்ணீரில் கலந்தது. மைக்ரோஸ்கோப்பில் இப்போது ஒன்றுமே தெரியவில்லை. “உயிரே இல்ல, தண்ணி சுத்தம்” என்று ஊர்க் குழாய்களுக்கு விட்டார்கள். அக்கா விஷத்துக்குத் தனியாகச் சோதித்தாள். இருந்தது, அளவுக்கு மேலேயே.

நேராகப் போய்ப் பிரதான வால்வை மூடினாள். பிறகு எனக்குப் போன் செய்தாள். “குழாய்ல மிச்சம் இருக்கிற தண்ணில பாப்பாவுக்குப் பால் கலக்காதடா. காய்ச்சினாலும் அந்த விஷம் போகாது.”

காலிக் குடங்களோடு தெருவே அவள் வாசலில் நின்று ஏசியது. அம்மாவும், “வேலில போற ஓணானை எடுத்து மடில கட்டிக்கணுமா உனக்கு?” என்றாள். நல்லதுக்குக் காலமில்லை.

குடிநீரைத் தடுத்த குற்றத்துக்கு அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அந்த உத்தரவில் மட்டும் இரண்டு அதிகாரிகளும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

இன்று காலை வால்வைத் திறந்துவிட்டார்கள். குழாயில் தண்ணீர் பளிங்குபோல் கொட்டுகிறது, தெருவே பிடிக்கிறது. பால்பவுடர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவி நிற்கிறாள். பாப்பா பசியில் அழுகிறாள்.