லேசான சேதம்

செய்தி அறையில் எல்லோரும் அவரைப் பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். கருங்கல்லைக் கொடுத்தாலும் பஞ்சாக்கித் திருப்பித் தருவார் என்பதால் வந்த பெயர். மனிதர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். சூடு சுரணை அவ்வளவுதான்.

தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடும் வரிகளை எழுதுவது அவர் வேலை. பக்கத்து நாட்டோடு சண்டை தொடங்கியதும் கை துறுதுறுத்தது. அந்தப் பக்கத்து ஆள் செத்தால் 'ஒழிக்கப்பட்டான்', இந்தப் பக்கத்து ஆள் என்றால் 'வீரமரணம்'. அவர்கள் குண்டு போட்டால் வெறியாட்டம், நாம் போட்டால் பதிலடி. அங்கே ஒரு வீடு சமையலறையோடு தரைமட்டமானால் அதற்குப் பெயர் 'இலக்கு'. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்த இலக்கு. நம் ஊர்களில் விழும் குண்டுகளை மட்டும் அடக்கி வாசிக்க வேண்டும், சனங்கள் பயந்துவிடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. அதற்கும் பஞ்சுவிடம் சரக்கு இருந்தது. 'நிலைமை கட்டுக்குள்', 'லேசான சேதம்' என்று தட்டிவிட்டு டீயை உறிஞ்சும்போது அந்த முகத்தில் தெரியும் திருப்தியைப் பார்க்க வேண்டுமே.

அவருடைய அக்கா எல்லையோர ஊரில் தையல்கடை வைத்திருந்தாள். கடை டிவியில் நாள் முழுக்கத் தம்பியின் சேனல்தான். அளவு கொடுக்க வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, "கீழ ஓடுது பாருங்க, அது என் தம்பி எழுதுறது" என்று காட்டுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது. போகும்போதெல்லாம் இவர் பீற்றிக்கொண்டது கொஞ்சமா?

ஒரு மத்தியானம் அந்த ஊர் நிருபர் ஃபோனில் அலறினார். சந்தைத் தெருவில் குண்டு விழுகிறது, சனங்கள் ஓடுகிறார்கள் என்றார். பஞ்சு பழக்கதோஷத்தில் 'நிலைமை கட்டுக்குள்' என்று ஓடவிட்டார். ஓடவிட்ட பிறகுதான் அக்காவின் கடை அதற்கு அடுத்த தெரு என்று உறைத்தது. மாடிப்படிக்கு ஓடிப்போய் அவளைக் கூப்பிட்டார்.

"அக்கா, கடையைப் பூட்டிட்டு உடனே கிளம்பி வா."

"சத்தம் கேட்டுச்சுன்னு பையைக்கூட எடுத்து வச்சேன்டா. அப்புறம் பார்த்தா, நிலைமை கட்டுக்குள்ளன்னு ஓடுது. நீதான எழுதினே?"

அது பொய் என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் ஊரெல்லாம் தன்னைக் கொண்டாடிய அக்காவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம், ஆனாலும் ஜாக்கிரதையாக இரு என்று முனகினார். தைக்க வேண்டிய துணி நிறையக் கிடக்கிறது என்று அவள் சிரித்துக்கொண்டே ஃபோனை வைத்தாள். ஒரு மனுஷியின் உயிரைவிடப் பெரிதாகப் போய்விட்ட அந்தக் கௌரவத்தைக் குப்பையில் கொண்டுபோய்க் கொட்ட.

சாயங்காலம் அக்காவின் தெருவிலேயே குண்டு விழுந்தது. அவள் ஃபோன் எடுப்பாரில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. வரி எங்கே என்று செய்தி ஆசிரியர் கத்தினார். ஃபோனைக் காதில் வைத்தபடியே பஞ்சு 'லேசான சேதம்' என்று தட்டினார். கை தானாக எழுதிவிட்டது என்று பிற்பாடு சொன்னார். கை என்ன வாடகைக்கு வந்ததா?

மறுநாள் ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்தார். கத்தரி பிடித்த வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. எதிர்ச் சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. 'லேசான சேதம்' என்ற அந்த வரியை இன்னும் எடுத்திருக்கவில்லை. பஞ்சு திரையை மறைத்துக்கொண்டு நின்றார்.

"தள்ளி நில்லுடா. எங்க தெருவைப் பத்தி ஓடுது."

அவர் தள்ளி நின்றார். அக்கா மெதுவாகப் படித்து முடித்தாள். தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் தலையில் கட்டோடு கிடந்தவள் பக்கம் திரும்பினாள்.

"கீழ ஓடுது பாருங்க," என்றாள். "அது என் தம்பி எழுதுறது."