ஜீப்பின் முன் சீட்

அம்மா அன்று ஏன் சிரித்தார்? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

மண்ணெண்ணெயில் கழுவிய இரும்பின் வாசனை நேற்று எங்கள் ஹட்டன் வீட்டுக்குள் வந்தது. என் கணவர் பழைய ஜீப் ஒன்றின் எஞ்சினைக் கழற்றி முன்னறையில் பரப்பியிருக்கிறார். மகள் எந்த நட்டை வாயில் போட்டுவிடுவாளோ என்று அவள் பின்னாலேயே அலைகிறேன்.

நான் சிறுமியாக இருந்தபோது மஸ்கெலியா தேயிலைத் தோட்டத்தில், வரிசைக் குடியிருப்பான எங்கள் லயத்து வீட்டிலும் இதே வாசனைதான். அப்பா அங்கே ஒரு ஜீப் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்ததால் அந்த மழைக்காலம் முழுவதும் நாங்கள் அடுப்படியில் படுத்தோம். அரிசி களையும் சட்டியில் பிஸ்டன் ஊறியது.

"சோத்துச் சட்டிதானாங்க கெடச்சிச்சு?" என்பார் அம்மா.

"வண்டி ஓடட்டும் புள்ள. மொத ஆளா ஒன்னத்தான் முன் சீட்ல ஏத்துவேன்."

"ஆமா, நான் தொரைசாணி பாருங்க."

வண்டி ஓடியது. அன்று பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த அம்மாவோடு நானும் நடந்துகொண்டிருந்தேன். ஜீப் நிறைய அப்பாவின் கூட்டாளிகள். வெறுங்கூடையோடு அம்மா ஓரமாக ஒதுங்க, அப்பா ஹாரன் அடித்தபடி எங்களைத் தாண்டிப் போனார். சேறு அம்மாவின் முகம்வரை தெறித்தது. துடைத்துக்கொண்டு சிரித்தார். ஜீப்பை விற்கும்வரை அந்த முன் சீட்டில் அவர் உட்காரவே இல்லை.

நேற்று என் கணவரும், "ஓடட்டும், மொதல்ல ஒன்னையும் பாப்பாவையும்தான் ஏத்துவேன்" என்றார். நல்ல மனிதர்தான். சந்தேகப்படுவது என் தவறாகவும் இருக்கலாம். ஆனால் அம்மாவைப் போல நானும் உடனே சிரித்துவிட்டேன். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் எதிரில் சிரிப்பதற்குப் பதிலாக நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.