அடுத்தவன் மேசை டிப்ஸ்

ஓட்டலில் அவரை எல்லோரும் எட்டுத் தட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். இடக்கையில் தோள் வரைக்கும் எட்டுத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நடப்பார் என்று பேச்சு. உண்மையில் ஏழுதான். எட்டாவதை ஒரே ஒரு முறை ஏற்றிப் பார்த்தார். அது நேராக ஒரு வங்கி மேலாளரின் மடியில் போய் இறங்கியது. அந்த மேலாளர் அன்றைக்கும் டிப்ஸ் வைத்தார் என்பதை எட்டுத் தட்டு இன்றுவரை பெருமையாகச் சொல்வார். "மனுஷன் சூடு தாங்காம எழுந்து ஓடினாரு. ஓடும்போதும் வச்சுட்டுத்தான் ஓடினாரு."

அந்த ஓட்டலில் அவருக்கு இது இருபத்தாறாவது வருடம். டிப்ஸைப் பற்றி அங்கே ஆளுக்கொரு கட்சி. "சம்பளம் நான் தர்றேன். சம்பள உயர்வு கஸ்டமர் தருவாரு" என்பது முதலாளியின் கொள்கை. கொள்கையில் மனிதர் அசையவே மாட்டார். "வேகறது நானு, வாங்கறது நீயா?" என்று கரண்டியை ஓங்குவார் சமையல் மாஸ்டர். அதனால் தினமும் கிடைத்ததில் கால் பங்கு அடுப்படிக்குப் போய்விடும். எட்டுத் தட்டின் மனைவி ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவர். அவர் கட்சி வேறு. "நீங்க பல்லைக் காட்டி வாங்கற வரைக்கும் அந்த ஆளு ஏன் சம்பளத்தை ஏத்தப் போறாரு? உங்க சிரிப்புலதான் அவரு மாடி எடுத்துட்டாரு." இதைக் கேட்டதும் எட்டுத் தட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

அவருடைய கருத்து, டிப்ஸ் கூலியும் இல்லை, பிச்சையும் இல்லை, அது மார்க். மார்க் போடுகிறவர்களை நாற்காலி இழுக்கிற சத்தத்திலேயே அவருக்குத் தெரியும். காதலியோடு வந்தவன் தாராளமாக வைப்பான். கல்யாணமான பிறகு அதே ஆள் அதே மேசையில் சில்லறையைப் பொறுக்கிக்கொண்டு போவான். பத்துப் பேராக வந்து பத்துப் பில் கேட்பவர்களிடம் ஒன்றும் பெயராது. "ரொம்ப நல்லா கவனிச்சீங்க" என்று வாயால் சொல்பவரின் கை பாக்கெட்டுக்குப் போகாது.

தொழிலில் அவர் பிசகாமல் பிடித்த நியதி ஒன்று உண்டு. ஒவ்வொரு சர்வருக்கும் அவரவர் மேசை. அடுத்தவன் மேசையில் கிடக்கிற டிப்ஸ், பணமே இல்லை. அது வெறும் காகிதம். முன்பு ஒருவன் அப்படி எடுத்தான். அவனை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசுவதை நிறுத்தினார்கள். மூன்றாவது வாரம் அவனாகவே வேலையை விட்டுப் போனான்.

தன் மேசை டிப்ஸை எடுப்பதற்கு எட்டுத் தட்டின் கை தனியாகப் படித்திருந்தது. தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றும்போதே சுண்டுவிரலும் பக்கத்து விரலும் நோட்டை வழித்துச் சட்டைப் பையில் தள்ளிவிடும். பார்ப்பவருக்குத் தெரியாது. பல நேரம் அவருக்கே தெரியாது.

அவருக்கு ஒரே மகள், கண்ணாடிக் கடையில் வேலை. ஒரு நாள் கடை லிப்டில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டாள். கதவைப் பிரித்து வெளியே எடுத்த மெக்கானிக்கைத்தான் கட்டிக்கொள்வேன் என்று இரண்டு வருடமாக நிற்கிறாள். அவனும் நிற்கிறான். வழியை மறித்துக்கொண்டு நின்றவர் அவனுடைய அப்பா. அவர் எடை, அளவு சோதிக்கும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் தராசுத் தட்டுகளைக் குனிந்து பார்த்ததில் கழுத்தே சற்று முன்னால் வந்துவிட்டது. சோதிக்கப் போன எந்தக் கடையிலும் ஒரு டீகூடக் குடித்ததில்லை. பெண் பிடித்திருந்தது. "ஆனா டிப்ஸ் வாங்கற வீடு. லஞ்சத்துக்குச் செல்லப் பேரு வச்ச மாதிரி" என்பது அவர் தீர்ப்பு. மகன் இரண்டு வருடம் மல்லுக்கட்டியதில் ஒரு படி இறங்கினார். "ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து வெளியில சாப்பிடுவோம். ஆளைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மகள் மூன்று கட்டளை போட்டாள். "அங்க தட்டு அடுக்கக் கூடாது. சர்வரைத் திருத்தக் கூடாது. டிப்ஸ் பேச்சை எடுக்கக் கூடாது."

"மூச்சு விடலாமா?"

"அளவா விடுங்க."

இன்ஸ்பெக்டர் தேர்ந்தெடுத்த இடம், மாடியில் இருந்த ஒரு நல்ல ஓட்டல். துணி விரித்த மேசையைச் சுற்றி அந்த வீட்டில் மூன்று பேர், இந்த வீட்டில் மூன்று பேர். எட்டுத் தட்டு ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்து பல வருடம் ஆகிறது; உட்கார்ந்த இடத்திலிருந்து ஓட்டலைப் பார்க்க அவருக்கு மலையடிவாரத்திலிருந்து பார்ப்பது போலிருந்தது. அந்த மேசை சர்வர் சூப் கிண்ணத்தை வைத்தபோது கட்டைவிரல் உள்ளே குளித்துக்கொண்டிருந்தது. எட்டுத் தட்டு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார்.

மீன் வந்ததும் இன்ஸ்பெக்டர் ஆரம்பித்தார். "தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க தொழில்ல ஒரு சந்தேகம்."

மேசைக்கடியில் மகளின் கால் அப்பாவின் காலைத் தேடி மிதித்தது. பேச்சை எடுத்தது தான் இல்லை என்பதை அந்தக் காலுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல் எட்டுத் தட்டு, "கேளுங்க சார்" என்றார்.

"சம்பளம் வாங்கறீங்க. அதுக்கு மேல ஒருத்தர் காசு வச்சா, நாளைக்கு அவருக்கு நடுத்துண்டு போகும். வைக்காதவருக்கு வாலு. இதுக்குப் பேரு என்ன?"

"மீனை வெட்டறது மாஸ்டர் சார். வாலும் தலையும் என் கையில இல்ல."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நானும் பேச்சுக்கே சொல்றேன். லஞ்சம்னா காரியத்துக்கு முன்னாடி. இது சாப்பிட்டு, கை கழுவி, போறப்ப வைக்கறது. பிடிக்கலைன்னா வைக்காம போகலாம். போறாங்களே, எத்தனை பேரு."

"அதுக்காக ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பார்த்துட்டு நிக்கணுமா?"

"இதைத்தான் சார் நான் கல்யாணமான நாள்ல இருந்து கேக்கறேன்" என்றார் மனைவி, மீனிலிருந்து முள்ளை எடுத்தபடி.

எட்டுத் தட்டு திரும்பிப் பார்த்தார். "நீ யாரு பக்கம்?"

"நான் சம்பளத்துப் பக்கம்."

மெக்கானிக் பையனின் அம்மாவுக்கு இதில் உற்சாகம் வந்துவிட்டது. "இவரு மட்டும் என்ன. முடி வெட்டிட்டு வந்தா, மிச்சக் காசு சரியா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் கண்ணாடியில தலையைப் பார்ப்பாரு."

"நியாயமா வர வேண்டியது வரணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அதுவரை தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன் சொன்னான். "நான் வாங்குவேன்ப்பா."

"எதை?"

"டிப்ஸ். லிப்ட்ல மாட்டினவங்களை வெளிய எடுத்தா குடுப்பாங்க. வேணாம்னா அவங்களுக்கு மூஞ்சி சுருங்கிப் போகுது. வாங்கிக்குவேன்."

"எத்தனை நாளா?"

"வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து. நீங்க போட்டிருக்கற செருப்பே அதுல வாங்கினதுதான்."

இன்ஸ்பெக்டர் மேசைத் துணியை விலக்கிக் காலைப் பார்த்தார். நல்ல செருப்பு. போன மழைக்காலம் முழுக்கத் தாங்கியிருந்தது.

"அன்னிக்கு நான்கூட குடுத்தேன்" என்றாள் மகள் மெதுவாக. "வாங்கிட்டாரு."

அதன் பிறகு ஐஸ்கிரீம் வந்தது, தீர்ந்தது. இன்ஸ்பெக்டர் பில்லை இரண்டு முறை கூட்டிப் பார்த்தார், கொடுத்தார், மீதியைக் கடைசிக் காசு வரை வாங்கிப் பையில் போட்டார். "சரி, கிளம்பலாம்" என்றார். ஆளைப் பார்த்தாகிவிட்டது; சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. மகளின் முகம் சுண்டிப்போயிருந்தது.

எல்லோரும் எழுந்தார்கள். கடைசியாக எழுந்த எட்டுத் தட்டு என்ன செய்கிறோம் என்று தெரியாமலே மேசைமேல் குனிந்தார். ஆறு தட்டுகளும் முழங்கை வரை ஏறிவிட்டன. "அப்பா" என்று மகள் பல்லைக் கடித்ததும் திடுக்கிட்டு, தட்டுகளை அப்படியே இறக்கி வைத்துவிட்டு நடந்தார்.

கீழே தெருவுக்கு வந்ததும் முகம் துடைக்கலாம் என்று சட்டைப் பையில் கையை விட்டார். கைக்குட்டையோடு ஒரு நோட்டும் வந்தது. எட்டாக மடித்து, ஓரங்கள் கத்திபோல் அழுத்திய நோட்டு. அவர் நோட்டுகளை அப்படி மடிப்பவர் இல்லை. சுருட்டுகிறவர்.

விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. மேசையில் யாரோ டிப்ஸ் வைத்திருக்கிறார்கள். கை தன் வேலையைச் செய்துவிட்டது. அதுவும் அடுத்தவன் மேசையில்.

பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை. இப்போது வாயைத் திறந்தால், டிப்ஸ் வாங்குகிற வீடு என்று சொன்னவர் டிப்ஸ் திருடுகிற வீடு என்று சொல்வார். மகளுடைய இரண்டு வருடம் இந்த நடைபாதையிலேயே முடிந்துவிடும். எட்டுத் தட்டு கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமலே திரும்பப் போட்டுக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் இருங்க. மேல போய்ட்டு வந்துடறேன்."

"என்னங்க?" என்றார் மனைவி.

"மேசையில இருந்த டிப்ஸை எடுத்துட்டு வந்துட்டேன். எடுக்கணும்னு எடுக்கல. கை எடுத்துடுச்சு. அந்தச் சர்வர் வயித்துல அடிச்ச மாதிரி ஆயிடும்."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். எட்டுத் தட்டு நோட்டை உள்ளங்கையில் நீட்டி, "இதை யாரு வச்சீங்க?" என்று கேட்டார்.

மெக்கானிக் பையன் இல்லை என்று தலையை ஆட்டினான். மனைவி, "நானா? நான் எதுக்கு வைக்கறேன்?" என்றார். இன்ஸ்பெக்டர் எதிர்ப்புறத்துப் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா சார்?"

"நானா? நான் ஏன் வைக்கறேன்? ஒரு மணி நேரமா என்ன பேசிட்டிருந்தேன்?"

எடுத்தவர் ஒப்புக்கொண்டுவிட்டார், வைத்தவர்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். பையனின் அம்மா கணவரின் சட்டைப் பையிலிருந்து பர்ஸை உருவித் திறந்து காட்டினார். உள்ளே இருந்த நோட்டுகள் எல்லாம் எட்டாக மடித்து, வரிசையாக, எடைக்கல் பெட்டி மாதிரி இருந்தன.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "அந்தச் சர்வர் தொழிலைப் பத்தி அவரு முன்னாடியே பேசிட்டேன். மனசு கேக்கல. யாருக்கும் தெரிய வேணாம்னுதான் தட்டுக்கடியில வச்சேன்." பிறகு, "வாங்க, ரெண்டு பேருமே போவோம். தனியா போனா உங்களை என்னமோன்னு நினைப்பாங்க" என்றார்.

ஏற்கெனவே நினைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். மேலே கல்லாவுக்குப் பக்கத்தில் அந்தச் சர்வர் கையைக் காலை ஆட்டி விவரித்துக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் மூன்று தலைகள். "இவருதான்" என்றது அதில் ஒரு தலை.

எட்டுத் தட்டு நேரே போய் நோட்டை நீட்டினார். "மன்னிச்சுக்கப்பா. நானும் சர்வர்தான். பழக்கத்துல எடுத்துட்டேன்."

சர்வர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஓட்டல்ணே?"

எட்டுத் தட்டு சொன்னார். "ஆறு தட்டை ஒரே கையில ஏத்தினப்பவே நெனச்சேன்" என்றார் சர்வர். "ஆனா நம்ம ஆளே இப்படிப் பண்ணலாமான்னுதான் மனசு விட்டுப் போச்சு."

"நான் எடுத்ததுதான் தப்பாயிடுச்சு. குடுத்தது சாரு."

சர்வர் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, "ரொம்ப நன்றி சார்" என்றார். முப்பது வருடத்தில் அவரிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை போலும். நன்றியை எந்தப் பையில் போடுவது என்று தெரியாதவர் மாதிரி நின்றார். "ம்" என்றார். பிறகு "ம், ம்" என்றார்.

படியிறங்கும்போது இன்ஸ்பெக்டர் பாதியில் நின்றுவிட்டார்.

"ஒண்ணு கேக்கணும். நான் வச்சது அளவு சரியா?"

"கொஞ்சம் கம்மிதான் சம்பந்தி."

வாயில் வந்துவிட்ட அந்தச் சொல்லைத் திரும்ப விழுங்க முடியாமல் எட்டுத் தட்டு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் அதைக் காதில் வாங்கினார், தள்ளவில்லை. அவருக்கு உறுத்தியது வேறு.

"கல்யாணத் தேதியை எல்லாம் அவங்க ரெண்டு பேரும் கீழ பேசிக்கட்டும்" என்றார். "நீங்க இங்க வாங்க. கம்மின்னா, எவ்வளவு கம்மி?"