மூன்று நிமிடம், நாற்பத்தியொரு குவான்

செலியோ பேச்சுக் கழகத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்திரண்டு. சனிக்கிழமை மாலைகளில் பிலிப்பைன்ஸின் செபு துறைமுகத்துக்கு எதிரே ஒரு ரொட்டிக்கடை மாடியில் கழகம் கூடும். ஆசிரியைகள், காப்பீட்டு முகவர்கள், வேலை தேடுகிறவர்கள் வருவார்கள். பக்கத்துத் தீவிலிருந்து படகேறி வந்தவர் இவர் ஒருவர்தான்.

முப்பது வருடம் படகு எஞ்சின் அறையில் கழிந்தது. அங்கே எஞ்சின் சத்தத்தில் பேச்சு எடுபடாது. கையை நீட்டினால் ஸ்பானர் வரும். கரையேறிய பிறகும் அவருக்கு ஒரு சொல்லே போதுமாக இருந்தது: குவான். நாக்கில் வர மறுக்கும் எதற்கும் அந்தப் பக்கத்தில் குவான்தான். "குவானை எடு" என்பார். மனைவி திவா மூக்குக்கண்ணாடியை எடுத்து வருவாள். ஒரு நாளும் தவறியதில்லை.

செலியோவின் ஊர்க் கரையிலிருந்த சின்னப் படகுத்துறையை மூடிவிட்டு, படகுகளையெல்லாம் தீவின் மறுகோடியிலுள்ள பெரிய துறைக்கு மாற்ற நகரமன்றம் உத்தேசித்திருந்தது. அதற்கு முன் ஒரு விசாரணை; ஆட்சேபம் சொல்ல ஊருக்கு ஒருவர், மூன்று நிமிடம். கடல் தெரிந்தவர் என்று ஊர் செலியோவைக் கைகாட்டியது. ஏழு வாரம் இருந்தது; அதற்குள் பேசப் பழகத்தான் கழகம்.

கழகத்தில் ரொவேனா என்ற மருந்துக்கடைக்காரிக்கு ஒரு வேலை. யாராவது பேச்சில் தடுக்கி 'ஆ', 'ம்' என்றாலோ குவான் போட்டாலோ கரண்டியால் கண்ணாடித் தம்ளரைத் தட்டுவாள். முதல் நாள் செலியோ பேசி உட்கார்ந்ததும் அவள் எழுந்து, மூத்தவர்களை அழைக்கும் 'நோங்' என்ற மரியாதையோடு கணக்கு வாசித்தாள்.

"நோங் செலியோ, நாப்பத்தியொரு குவான். தம்ளர் கீறல் விட்டுடுச்சு. அடுத்த வாரம் வரும்போது வேற வாங்கிட்டு வந்துடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், காது சிவந்து.

"வார்த்தை வரலைன்னா வாயை மூடிட்டு நில்லுங்க நோங். சும்மா நிக்கிறதுக்கு நான் தட்டமாட்டேன்" என்றாள்.

அதைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தியொன்று இருபதானது, ஆறானது, ஐந்தாம் வாரம் தம்ளர் சத்தமே எழவில்லை. வீட்டிலும் பழகினார்.

"திவா, அந்த..." என்று நிறுத்தினார்.

அவள் மீன் கழுவிய கையோடு காத்து நின்றாள்.

"என்னய்யா வேணும்? முன்னாடி குவான்னு சொன்னா கொண்டாந்து குடுத்தேன். இப்ப உன் வாயவே பாத்துட்டு நிக்கிறேன். காசு குடுத்துத்தான் ஊமையாகக் கத்துக்கிறியா?"

"காசெல்லாம் இல்ல. இலவசம்."

"அப்ப சரி."

விசாரணையன்று ஊரில் பாதி பின்வரிசைகளில் வந்து உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் ரொவேனாவும் இருந்தாள், தம்ளர் இல்லாமல். செலியோ எழுந்தார். பெரிய துறைக்குப் போக வேண்டுமானால் படகுகள் கடலிலுள்ள பாறைத் திட்டைச் சுற்றித்தான் போக வேண்டும் என்றார். வாடைக்காற்றில் அந்த வழி ஆகாது என்றார். ஒரு தடுக்கல் இல்லை. பிறகு, படகைக் கிழிக்கும் அந்தப் பாறையின் பெயர் வரவில்லை. நாள்தோறும் சொல்கிற பெயர். வாயை மூடிக்கொண்டு நின்றார், சொல்லிக்கொடுத்தபடி.

மன்றத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "முடிச்சிட்டீங்களா?" அடுத்த தாளைப் புரட்டக் கை போயிற்று.

செலியோ திரும்பி வரிசைகளைப் பார்த்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திவாவும்.

"குவான்" என்றார்.

"ஆமைமுதுகு!" திவாவின் குரல்.

"ஆமைமுதுகு. அதுல போன ஜனவரியில ரெண்டா போச்சே, குவானோட படகு..."

"இனோய் படகு!" நாலைந்து குரல்கள்.

"அதுல இருந்தது..."

"என் மக! நிறைமாசம்!" என்றாள் ஒருத்தி, எழுந்து நின்று.

தலைவர் மேசையைத் தட்டினார். "ஒருத்தர்தான் பேசணும்."

"ஒருத்தன்தான் பேசுறேன் ஐயா. குவானுக்கு மட்டும்தான் அவங்க."

அப்படியே குவானும் குரல்களுமாகப் பேச்சு போனது; மூன்று நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது. யாரும் மணி பார்க்கவில்லை. வாடைக்காலத்தில் மன்ற உறுப்பினர்கள் அந்த வழியே படகில் போய்ப் பார்க்க வேண்டும், அதுவரை சின்னத்துறை இருக்கும் என்று முடிவாயிற்று. மூடமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து நடவடிக்கைக் குறிப்பின் நகல் வந்தது. எழுத்தர் குவான்களை விட்டுவிட்டு, பின்வரிசை சொன்னதையெல்லாம் செலியோவின் பெயரிலேயே எழுதியிருந்தார். சனிக்கிழமை அதை மாடிக்கு எடுத்துப் போனார். ரொவேனா முழுக்கப் படித்தாள்.

"சுத்தமா இருக்கே நோங். ஒரு தட்டுகூட வேண்டாம்."

"அன்னிக்கு எத்தனை?"

"ஒன்பது. விரல்ல எண்ணினேன்."

அவர் தாளை வாங்கினார். இனோயின் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்து, "இங்க ஒரு குவான் இருந்தது" என்றார்.